நாம்கும் புல்தளமும் ஒரு ஸ்கிப்பின் ஆட்டவாழ்வும்

விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் அவருடைய உடல்வலிமை, குடும்பச் சூழல், கிடைத்த பயிற்சியாளர் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். லான் பவுல்ஸ் என்னும் ஆட்டத்தைப் பொறுத்தவரை அவை அனைத்துக்கும் முன்னால் வைத்துப் பேசவேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது மட்டம் பிசகாமல் வெட்டி, உருட்டி, நீர்விட்டு ஆண்டு முழுவதும் பேணப்படும் ஏறத்தாழ நாற்பது மீட்டர் புல்தரை. அத்தகைய தரை ஓர் ஊரில் இருந்தால் அவ்வூரில் ஆட்டக்காரர்கள் தோன்றுகிறார்கள். இல்லாவிடில் எவ்வளவு திறமையுள்ளவரும் தமக்குள் அப்படியொரு திறமை இருப்பதை அறியாமலே வாழ்ந்துவிடுகிறார். ராஞ்சியைச் சேர்ந்த ரூபா ராணி திர்க்கியின் ஆட்டவாழ்வு இந்த உண்மைக்கு இந்தியா தரக்கூடிய மிகத் தெளிவான சான்றாகும்.

பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக, லீமிங்டன் ஸ்பா நகரின் விக்டோரியா பூங்காவில் 2022 ஆகஸ்ட் 2 அன்று நடைபெற்ற மகளிர் நால்வர் பிரிவு இறுதியாட்டத்தில், இந்திய அணி தென்னாப்பிரிக்காவை 17–10 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. 1930இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கிய இப்போட்டிகளில், 1966ஆம் ஆண்டுக் கிங்ஸ்டன் போட்டியைத் தவிர ஏனைய அனைத்திலும் லான் பவுல்ஸ் இடம்பெற்று வந்திருந்தும், அந்த நாள்வரை இந்தியா அதில் ஒரு வெண்கலத்தைக்கூடப் பெற்றதில்லை. லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி என்னும் நால்வரும் ஒரே வாரத்தில் நாடறிந்த பெயர்களாயினர். ஆனால் செய்தி படித்தவர்களில் பெரும்பாலோர்க்கு இவர்கள் எந்த ஆட்டத்தை ஆடினார்கள் என்பதே புதிய செய்தியாக இருந்தது. ஆகவே வீராங்கனையைப் பற்றிப் பேசுமுன் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

கிரீன் எனப்படும் சதுரமான புல்தளம், அதன் ஓரங்களைச் சுற்றி ஓடும் ஆழமற்ற பள்ளம், தளத்தை நீளவாக்கில் பிரிக்கும் ரிங்க் எனப்படும் ஆட்டப்பாதைகள் ஆகியவையே இந்த விளையாட்டின் அரங்கம். பாதையின் ஒரு முனையில் சிறு பாய் ஒன்றை விரித்து, அதன்மீது நின்று முதலில் ஜாக் என்னும் சிறிய பந்தை மறுமுனை நோக்கி உருட்டுவார்கள். அது பாயிலிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். பிறகு இரு அணியினரும் மாறிமாறித் தம் பெரிய பந்துகளை உருட்டி, எதிரணியின் பந்துகளைவிட ஜாக்குக்கு நெருக்கமாக நிறுத்த முயல்வார்கள். கோலி ஆடிப் பழகிய எவருக்கும் இதுவரை விளங்காதது ஒன்றுமில்லை. சிக்கல் இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

பவுல் என்று அழைக்கப்படும் பெரிய பந்து, பார்வைக்கு உருண்டையாகத் தோன்றினாலும் முழுக்கோளம் அன்று. ஒன்றரைக் கிலோவுக்கு மேலும் எடை இருக்கக்கூடிய அப்பந்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்று வேறுபட்ட வளைவுடன் கடையப்பட்டிருக்கும். இந்தச் சமச்சீரின்மைக்கு பயாஸ் என்று பெயர். முற்காலத்தில் ஒரு பக்கத்தில் ஈயம் ஏற்றி இந்தச் சாய்வை உண்டாக்கினர். இன்று வடிவமே அதைச் செய்கிறது. கையைவிட்டு வேகமாகப் புறப்படும்போது ஏறக்குறைய நேராகச் செல்லும் பந்து, வேகம் குறையக் குறைய உட்புறமாக வளையத் தொடங்கி, நிற்கும் தறுவாயில் மிகுதியாக வளைகிறது. எனவே ஜாக்கைக் குறிபார்த்து உருட்டுபவர் அதை ஒருபோதும் அடைவதில்லை. அதற்கு ஒன்றிரண்டு மீட்டர் அப்பால், வெறும் புல்லில் ஓர் இடத்தைக் குறிபார்த்து, பந்து தானாகத் திரும்பி வரும் என்று கணக்கிட்டே உருட்டவேண்டும். தடையாக ஒரு பந்து வழியில் நின்றால், அதைச் சுற்றிக்கொண்டு போகவும் இதே வளைவு உதவுகிறது.

இக்கணக்கை மேலும் கடினமாக்குவது புல்லின் வேகம். பாயிலிருந்து 27 மீட்டர் தொலைவுக்குச் சென்று நிற்கப் பந்து எத்தனை நொடி எடுத்துக்கொள்கிறது என்பதை வைத்துத் தளத்தின் வேகத்தை அளப்பது மரபு. இதில் வாசகரைக் குழப்பக்கூடிய ஒரு நுட்பம் என்னவெனில், நொடிகள் கூடினால் தளம் வேகமானது என்றும் குறைந்தால் மந்தமானது என்றும் பொருள். வேகமான தளத்தில் மெல்லத் தள்ளினாலே பந்து போய்ச்சேரும் என்பதால் அது நிதானமாகச் சென்று, நீண்ட நேரம் வளைந்துகொண்டே போகிறது. மந்தமான தளத்தில் வலுவாகத் தள்ளவேண்டியிருப்பதால் விரைவாகச் சென்று, குறைவாகவே வளைகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் தளங்கள் பொதுவாக வேகமானவை. ஈரமும் குளிரும் மிகுந்த பிரித்தானியத் தளங்கள் மந்தமானவை. வெப்ப நாடுகளில் அறுகம்புல் இனமும், குளிர் நாடுகளில் வேறு மெல்லிய புல்லினங்களும் விதைக்கப்படுகின்றன. ஒரு நாட்டில் பழகிய கை மற்றொரு நாட்டில் ஏறத்தாழ மறுபடியும் பழகவேண்டும். ஒரே தளம்கூடக் காலைப் பனியில் ஒருவகையாகவும் நண்பகல் வெயிலில் வேறுவகையாகவும் நடந்துகொள்ளும். சர்வதேச ஆட்டக்காரர் என்ற சொல்லுக்கு இந்த விளையாட்டில் உள்ள பொருள் பெருமளவு இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஆற்றலே ஆகும்.

நால்வர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பந்துகள் உண்டு. இரு அணிகளின் பதினாறு பந்துகளும் உருட்டி முடிந்ததும் ஓர் எண்ட், அதாவது ஒரு சுற்று, நிறைவுறுகிறது. ஜாக்குக்கு மிக நெருக்கமான பந்து எந்த அணியுடையதோ அந்த அணி மட்டுமே அச்சுற்றில் புள்ளி பெறும்; எதிரணியின் மிக நெருங்கிய பந்தைவிடத் தன் பந்துகள் எத்தனை நெருக்கமாக நிற்கின்றனவோ அத்தனை புள்ளிகள். இவ்விதியால் ஒரே சுற்றில் ஆட்டத்தின் நிலை தலைகீழாக மாறக்கூடும். லீட் என்பவர் பாயை விரித்து ஜாக்கை உருட்டி முதல் பந்துகளை நிறுத்துவார்; செகண்ட் அந்த அடித்தளத்தை வலுப்படுத்துவார்; தேர்ட் நெருக்கத்தை அளந்து, எதிரணியின் தேர்டுடன் புள்ளிகளை உறுதிசெய்வார். ஸ்கிப் அணித்தலைவர். ஏனைய மூவரும் உருட்டும்வரை ஜாக்கின் அருகே மறுமுனையில் நின்று, எந்தப் பக்கமாக, எவ்வளவு வலுவுடன் உருட்டவேண்டும் என்று சைகையால் அறிவுறுத்தி, இறுதியில் தாமே பாய்க்கு நடந்துசென்று அணியின் கடைசி இரண்டு பந்துகளை உருட்டுவார். அதாவது பிறர் செய்த பிழைகளைத் திருத்தும் பொறுப்பும், தம் பிழையைத் திருத்த ஆளில்லாத நிலையும் ஸ்கிப்புக்கே உரியவை. 2022இல் இந்திய அணியின் ஸ்கிப் ரூபா ராணி திர்க்கி.

இது முதியோர் ஆட்டம் என்னும் ஏளனம் இங்கிலாந்திலேயே பழையது. கிரிக்கெட்டின் பிதாமகராகப் போற்றப்படும் டபிள்யூ.ஜி. கிரேஸ், மட்டையைக் கீழே வைத்த பின்னர் இந்த ஆட்டத்தில் ஆழ்ந்து, 1903இல் இங்கிலாந்து பவுலிங் சங்கத்தின் முதல் தலைவரானார் என்ற செய்தி அந்த ஏளனத்துக்கு வலுவூட்டவே செய்தது. ஆனால் ஏளனமாகச் சொல்லப்படுவதையே ஒரு நற்பண்பாகவும் கொள்ளலாம். ஓட்டமும் பாய்ச்சலும் கோரும் ஆட்டங்கள் முப்பது வயதில் ஒருவரை வெளியேற்றிவிடும்போது, காயம்பட்ட மூட்டையும் முதிர்ந்த தசையையும் மன்னித்து, கண்ணையும் மனத்தையும் மட்டும் கேட்கும் ஆட்டம் ஒன்று இருப்பது சிறிய செய்தியன்று. இந்தியத் தங்க அணியின் வரலாறு முழுவதும் இந்த மன்னிப்பின் வரலாறே.

புல்தளங்களின் கதைக்கு வருவோம். கொல்கத்தா போன்ற நகரங்களின் பழைய ஆங்கிலேயச் சங்கங்களில் லான் பவுல்ஸ் தளங்கள் இருந்தன. அவை உறுப்பினரின் மாலைப்பொழுதுக்கானவை, தெருவில் போகும் சிறுமி உள்ளே நுழையக்கூடியவை அல்ல. இந்த ஆட்டத்தை மக்களிடம் கொண்டுசேர்த்தது பெரும் போட்டிகளை ஏற்று நடத்தவேண்டிய கட்டாயம்தான். இதற்கு மலேசியா ஒரு முன்னோடி: 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டிகளுக்காகப் புக்கிட் கியாரா என்னுமிடத்தில் தேசியத் தளம் உருவானது, அதன் பின்னர் சித்தி சலினா அகமது 2002இலும் 2006இலும் மகளிர் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்று, பிரித்தானியரும் ஆஸ்திரேலியரும் தமக்கே உரியதாகக் கருதியிருந்த ஆட்டத்தில் ஓர் ஆசியப் பெண்ணின் பெயரைப் பொறித்தார். இந்தியாவில் 2010ஆம் ஆண்டு தில்லி காமன்வெல்த் போட்டிகளுக்காக ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்க வளாகத்தில் தளம் அமைந்தது. பலமுறை தள்ளிவைக்கப்பட்டு 2011 பிப்ரவரியில் ஜார்க்கண்டில் நடைபெற்ற 34ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக ராஞ்சியின் நாம்கும் பகுதியில் ஆர்.கே. ஆனந்த் லான் பவுல்ஸ் அரங்கம் எழுந்தது. போட்டி முடிந்தபின் புதர் மண்டிப்போன அரங்கங்கள் இந்நாட்டில் ஏராளம். நாம்கும் தளம் அந்த விதிக்கு விலக்காகி, தொடர்ந்து ஆட்டக்காரர்களை உருவாக்கும் இடமாக நிலைத்தது என்பதே இந்த வரலாற்றின் திருப்புமுனை. நல்வாய்ப்பு என்று மட்டும் இதைச் சொல்லி ஒதுக்கமுடியாது. கிரிக்கெட் நடுவராக இருந்து லான் பவுல்ஸ் பயிற்சியாளராக மாறிய மதுகாந்த் பாடக் போன்றோர் பிற ஆட்டங்களில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்து இங்கே அழைத்துவந்ததும் இதற்குக் காரணம்.

1987இல் ராஞ்சியில் பிறந்த ரூபா ராணி, லான் பவுல்ஸுக்கு வருமுன் கபடி ஆடியவர். எதிராளிகளின் நடுவே தனியாகச் சென்று, மூச்சைக் கட்டுப்படுத்தி, யாரைத் தொட்டுவிட்டு எப்போது திரும்புவது என்று முடிவெடுக்கும் ஆட்டத்திலிருந்து, பேச்சரவமின்றி ஒரு பந்தை உருட்டிவிட்டுப் பத்துப் பதினைந்து நொடி காத்திருக்கும் ஆட்டத்துக்கு மாறுவது உடலளவில் பெரிய தாவல்தான். எனினும் கடைசித் தருணத்தில் ஒற்றை ஆளாக நின்று முடிவெடுக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவானது. அவர் பின்னாளில் ஸ்கிப்பாகத் தேர்ந்ததை இந்தப் பழக்கத்துடன் இணைத்துப் பார்ப்பது மிகையாகாது.

தில்லியில் 2010இல், சொந்த நாட்டுப் பார்வையாளர்முன் தம் முதல் காமன்வெல்த் போட்டியை ஆடிய ரூபா ராணி, பிங்கி, தானியா சௌதுரி ஆகியோருடன் மூவர் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்த ஓர் அணிக்கு அது வியப்பான சாதனை. அதே வேளையில் நான்காம் இடம் என்பது விளையாட்டில் மிகக் கசப்பான இடமும்கூட, ஏனெனில் அதற்குப் பதக்கமும் இல்லை, ஆறுதலும் இல்லை. தொடர்ந்து 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் ஆகிய இரு போட்டிகளிலும் பங்கேற்று வெறுங்கையுடன் திரும்பினார். ஒலிம்பிக்கில் லான் பவுல்ஸுக்கு இடமில்லை. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் காமன்வெல்த் போட்டியே நாட்டின் கண்ணில் படக்கூடிய ஒரே மேடை. ஆகவே ஒரு தோல்விக்கும் அதைத் திருத்தும் வாய்ப்புக்கும் இடையே இந்த ஆட்டக்காரர் நான்கு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பின் நடுவே வயிற்றுக்கு வழி தேடவேண்டும். அவர் ஜார்க்கண்டின் ராம்கர் மாவட்டத்தில் விளையாட்டு அலுவலராகப் பணிபுரிந்தார். ஆட்டத்துக்குரிய பந்துகள் இந்தியாவில் தயாராவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். பிரித்தானியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்தே அவை வரவழைக்கப்படுகின்றன.

பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பின் முடிவு 2022 அரையிறுதியில் தீர்மானமானது. இறுதியாட்டத்தைவிட அந்த ஆட்டத்துக்கே வரலாற்று முதன்மை தரவேண்டும் எனத் தோன்றுகிறது. எதிரே நின்றது, காமன்வெல்த் லான் பவுல்ஸில் நாற்பது பதக்கங்கள் குவித்த நியூசிலாந்து. அந்த அணியின் வேல் ஸ்மித் ஐம்பது வயதைக் கடந்த, நெடிய அனுபவம் கொண்ட வீராங்கனை. இரண்டே சுற்றுகளில் இந்தியா 0–5 எனப் பின்தங்கியது. மந்தமான ஆங்கிலப் புல்லுக்குக் கை பழகுமுன் ஐந்து புள்ளிகளை இழந்த அணி பதறி, ஜாக்கைச் சூழ்ந்த பந்துகளை வலுவான அடியால் சிதறடிக்க முயல்வது இயல்பு. அவ்வாறு சிதறடிப்பது சிலவேளை வெல்லும், பெரும்பாலும் மேலும் புள்ளிகளை வாரி வழங்கும். இந்திய அணி அவ்வழியில் செல்லாமல், ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்து ஒன்பதாம் சுற்றின் முடிவில் 7–7 எனச் சமன்செய்து, பத்தாம் சுற்றில் 10–7 என முந்தியது. நியூசிலாந்து விடவில்லை, பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது 13–12 என அதுவே முன்னிலையில் இருந்தது.

எஞ்சியது பதினைந்தாவதும் கடைசியுமான சுற்று. ஒரு புள்ளி எடுத்தால் சமநிலை. இரண்டு எடுத்தால் வெற்றி. எதிரணி ஒரு பந்தை உள்ளே நிறுத்திவிட்டால் எல்லாம் முடிந்தது. இத்தகைய நிலையில் ஸ்கிப் முன் இருப்பவை இரண்டு வழிகள்: இருக்கும் நிலையைக் காத்து ஒரு புள்ளியுடன் கூடுதல் சுற்றுக்குச் செல்வது, அல்லது தவறினால் தோல்வி என்றறிந்தே பெரிய வெற்றிக்கு முயல்வது. திர்க்கி உருட்டிய பந்து அச்சுற்றை இந்தியாவுக்கு நான்கு புள்ளிகளாக முடித்துக்கொடுத்தது, 16–13. இந்தியா முதன்முறையாக ஒரு பதக்கத்தை உறுதிசெய்தது. நான்கு சுற்றுகளில் சேர்க்கவேண்டியதை ஒரே சுற்றில் சேர்க்க அனுமதிக்கும் அந்த விசித்திரமான புள்ளிமுறையின் முழுப் பயனையும் அடைந்த தருணம் அது.

இறுதியாட்டத்தில் நிலைமை நேர்மாறாக அமைந்தது. எஸ்மே குரூகர், தபேலோ முவாங்கோ, பிரிஜெட் கலிட்ஸ், ஜோஹன்னா ஸ்நைமன் ஆகியோரைக் கொண்ட தென்னாப்பிரிக்க அணிக்கு எதிராக இந்தியா 8–2 என வலுவான முன்னிலை பெற்று, பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து 8–10 எனப் பின்தங்கியது. பின்தங்கியிருந்து மீள்வதைவிட, கையிலிருந்த முன்னிலையைப் பறிகொடுத்தபின் மீள்வதே மனத்துக்குக் கடினம் என்பதை ஆடியவர் அறிவர். அதன்பின் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. இந்தியா அடுத்தடுத்து ஒன்பது புள்ளிகளை எடுத்து 17–10 என முடித்தது. அரையிறுதியை ஒரு பந்து வென்றது என்றால், இறுதியாட்டத்தை நால்வரின் எட்டுப் பந்துகளும் சேர்ந்து வென்றன எனலாம்.

அந்த நால்வரில் மற்ற மூவரின் வழிகளும் இதே வகையான வளைவுகளைக் கொண்டவை. லீட் ஆடிய லவ்லி சௌபே ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் ஈடுபட்டவர். இடுப்புக் காயம் அந்த வாழ்வை முடித்துவிட, ஜார்க்கண்ட் காவல்துறையில் காவலராக இருந்துகொண்டே நாம்கும் தளத்துக்கு வந்தார். அசாமின் கோலாகாட் மாவட்டத்தைச் சேர்ந்த நயன்மோனி சைக்கியா பளு தூக்குபவராக இருந்து, கால் காயத்தால் விலகியவர். அம்மாநில வனத்துறையில் பணியாற்றினார். பிங்கி தில்லியில் பள்ளியொன்றின் உடற்கல்வி ஆசிரியை. நால்வரில் இருவர் நாற்பதைக் கடந்தவர்கள். ஒருவர்கூடக் குழந்தைப் பருவத்தில் இந்த ஆட்டத்தைக் கனவு காணவில்லை என்று துணிந்து சொல்லலாம், ஏனெனில் அவர்களின் குழந்தைப் பருவத்தில் கனவு காண்பதற்கான புல்லே அவர்கள் ஊரில் இல்லை. அதே போட்டியின் ஆடவர் நால்வர் பிரிவில் சுனில் பகதூர், நவநீத் சிங், சந்தன் குமார் சிங், தினேஷ் குமார் ஆகியோர் இறுதிவரை சென்று வட அயர்லாந்திடம் 5–18 எனத் தோற்று வெள்ளி பெற்றதும், அந்த அணியிலும் ஜார்க்கண்ட் ஆட்டக்காரர்களே மிகுந்திருந்ததும் நாம்கும் தளத்தின் பங்கை மேலும் உறுதிப்படுத்துகின்றன.

இந்த ராஞ்சிக் கதையை அந்தமான் தலைநகரின் ஷாதிபூர்ப் பகுதியில் இருந்து படிப்பவருக்கு ராஞ்சி தொலைவான ஊர் அன்று. தண்டனைக் குடியேற்றக் காலத்தில், மணம்புரிந்துகொள்ள அனுமதி பெற்ற கைதிகளின் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியாக உருவாகி, இன்று தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் பிறரும் அண்டை அயலாராக வாழும் இத்தகைய குடியிருப்புகளில், ராஞ்சிவாலா என்ற சொல் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது. 1918 தொடங்கி, சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்திலிருந்து ஒராவோன், முண்டா, காடியா மக்கள் காடு வெட்டவும் சாலையும் படகுத்துறையும் அமைக்கவும் இத்தீவுகளுக்குத் தொழிலாளராகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் வழிவந்தோரே இவ்வாறு அழைக்கப்படுகின்றனர். ஜார்க்கண்டில் பழங்குடியினர் என அரசு ஏற்றுக்கொண்ட அதே மக்கள், கடல் கடந்து வந்த காரணத்தால் இங்கே அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. திர்க்கி என்பது ஒராவோன் மக்களிடையே வழங்கும் குலப்பெயர்களுள் ஒன்று; அவர்களின் குடுக் மொழி, தமிழுக்குத் தொலைதூர உறவான வட திராவிட மொழி. இந்த உறவுகளைப் பெரிதுபடுத்தி ரூபா ராணியைத் தீவுகளின் மகளாக உரிமை கொண்டாடுவது பொருந்தாது. ஆயினும் ஒரே மேட்டுநிலத்திலிருந்து புறப்பட்ட இரண்டு கிளைகளில் ஒன்றின் அருகே ஒரு புல்தளம் அமைந்ததும், மற்றொன்றின் அருகே அமையாததும் கருதத்தக்க வேறுபாடு.

தீவுகளுக்கு இந்த வேறுபாட்டின் பொருள் நன்றாகவே தெரியும், ஏனெனில் வேறொரு விளையாட்டில் அவை மறுபக்கத்தில் நிற்கின்றன. சைக்கிள் பந்தயத்துக்கென வளைந்து சரிந்த ஓடுதளம் அந்தமான் தலைநகரில் இருப்பதால், நிக்கோபார்ச் சிறுவர் சிறுமியர் இந்திய சைக்கிள் அணியில் இடம்பிடித்தனர். கார் நிக்கோபாரில் 2004 சுனாமியில் உயிர்தப்பிய தெபோரா ஹெரால்டு நாட்டின் முன்னணி விரைவோட்ட வீராங்கனையாக உயர்ந்தார். எசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றதோடு, 2019இல் ஜெர்மனியில் அணிப் பிரிவில் தங்கம் பெற்ற இந்தியக் குழுவிலும் இருந்தார். நிக்கோபார் இளைஞரின் கால்களில் பிறவியிலேயே சைக்கிள் ஓட்டம் இருந்தது என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அந்த ஓடுதளம் இல்லாதிருந்தால் அப்பிறவிக்குணம் எவருக்கும் தெரிந்திருக்காது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

வெற்றிக்குப் பின் நயன்மோனி சைக்கியாவுக்கு 2022ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அறிவிக்கப்பட்டது. அதே பட்டியலில் சதுரங்க வீரர் பிரக்ஞானந்தா, துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன், செவித்திறன் குறைந்தோர் பேட்மின்டனில் சாதித்த ஜெர்லின் அனிகா ஆகிய தமிழ்ப் பெயர்களும் இருந்தன. அடுத்த ஆண்டுப் பட்டியலில் பிங்கி இடம்பெற்றார். விருதுகள் ஒருவர்பின் ஒருவராக வழங்கப்படுவதற்கு அரசு நடைமுறையில் காரணங்கள் இருக்கலாம். எட்டுப் பந்துகளையும் ஒன்றாகவே எண்ணும் ஓர் ஆட்டத்துக்கு அந்த நடைமுறை சற்றும் பொருந்தவில்லை.

2026ஆம் ஆண்டுக் கிளாஸ்கோ போட்டிகளின் திட்டம் ரூபா ராணி போன்றோரின் கணக்கை மீண்டும் கலைக்கிறது. காமன்வெல்த் வரலாற்றில் முதன்முறையாக லான் பவுல்ஸ் திறந்தவெளியை விட்டு உள்ளரங்குக்குள், புல்லுக்குப் பதிலாக விரிப்பின்மீது ஆடப்படும் என அறிவிக்கப்பட்டது. விரிப்பில் பனியும் வெயிலும் காற்றும் இல்லை. காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு இல்லை. பந்து வளையும் அளவு மட்டும் கூடுகிறது. தளத்தைக் கூர்ந்து படித்து அதற்கேற்பக் கையை மாற்றிக்கொள்ளும் கலையில் ஆண்டுக்கணக்கில் தேர்ந்த ஒரு ஸ்கிப்புக்கு இது இழப்பு. ஆனால் ஆண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்து, மே முதல் டிசம்பர்வரை தரை காயாத அந்தமான் போன்ற ஒரு தீவில், புல்லை நாற்பது மீட்டருக்கு மட்டமாகப் பேணும் கவலையின்றி, கூரையிட்ட நீண்ட கூடம் ஒன்றுக்குள் இந்த ஆட்டத்தைத் தொடங்கிவிட முடியும்.